சுமைதாங்கிக் கல்லும் கேட்கப்படாத ஒரு கேள்வியும்

முதுகலைத் தமிழ் மாணவர்களை நாட்டார் வழக்காற்றியல் களப்பணிக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், பழைய சாலையோரம் ஒன்றில் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சுமைதாங்கிக் கல்லைக் காட்டுவது எங்கள் துறையின் வழக்கம். நட்டு நிறுத்திய இரண்டு கற்கள். அவற்றின் மீது கிடையாக ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு நடந்து வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து, இளைப்பாறி, மீண்டும் தலைக்கேற்றிச் செல்வதற்கு ஏற்ற உயரம். கருவுற்ற நிலையில், பிள்ளை பெறாமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இத்தகைய கற்களை நிறுத்தினர். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளின் ஆவி அந்தப் பாரத்தால் வருந்தும் என்பதும், வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை இறக்கும்போது அவளுடைய பாரமும் சற்றே குறையும் என்பதும் நம்பிக்கை. இதைக் கேட்டதும் மாணவர்கள் சிறிது நேரம் பேசாமல் நிற்பார்கள். தமிழ்ச் சமூகத்தின் ஈர நெஞ்சுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று நாங்களும் சொல்லி முடிப்போம்.

அண்மைக் காலமாக அவ்வாறு சொல்லி முடிக்க எங்களால் இயலவில்லை. அந்தக் கல், இறந்தவளுக்காக ஊர் காட்டிய இரக்கத்தைச் சொல்கிறது. அவள் எப்படி இறந்தாள் என்பதைச் சொல்வதில்லை. பேறுகாலச் சிக்கலிலேயே பெரும்பாலோர் இறந்திருக்கக்கூடும். மருத்துவம் எட்டாத காலம் அது. அத்தனை பேருமேவா என்பதுதான் கேள்வி. கருவுற்ற நிலையில் கொல்லப்பட்டுப் பின்னர் தெய்வமாக வணங்கப்படும் பெண்களின் கதைகள் தென்தமிழகத்தில் வழங்கவே செய்கின்றன. மாண்ட பிறகு கல்லாகவும் தெய்வமாகவும் நிறுத்திப் போற்றும் நாம், வயிற்றில் பிள்ளையோடு அடிவாங்கி நிற்பவள் உயிரோடு நம் எதிரில் நிற்கும்போது என்ன செய்கிறோம்? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. அதற்கான தூண்டுதல் நூல்களிலிருந்து வரவில்லை; எங்கள் துறை அறையிலிருந்தே வந்தது.

*

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் இரண்டாமாண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தார். முதலாண்டு முடிந்த கோடை விடுமுறையில் திருமணமாகி, படிப்பைத் தொடரலாம் என்ற உறுதிமொழியோடு கல்லூரிக்குத் திரும்பியவர். ஐந்தாம் மாதக் கர்ப்பம். ஒரு திங்கட்கிழமை கன்னம் வீங்கி, கண்ணின் கீழே கருநீலம் பாய்ந்த முகத்தோடு வந்தார். அறையில் நாங்கள் மூவர் இருந்தோம். மூவரும் பெண்கள், மூவரும் பிள்ளை பெற்றவர்கள். எங்களில் ஒருவர் கேட்டார்: “என்னம்மா, படியில விழுந்துட்டியா? இந்த நேரத்துல பார்த்து நடக்கக் கூடாதா?”

“ஆமாம்மா” என்றார் அவர். அவ்வளவுதான். ஒத்தடம் கொடுக்கச் சொன்னோம். அன்று அவர் வாசிக்க வேண்டியிருந்த கட்டுரையைத் தள்ளிவைத்தோம். நல்ல ஆசிரியர்களாக நடந்துகொண்ட நிறைவோடு வகுப்புக்குச் சென்றோம்.

அடுத்த அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு அவர் வரவில்லை. எட்டாம் மாதம் தொடங்கும்போதே குழந்தை பிறந்துவிட்டது என்றும், பல நாள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வைத்திருந்தார்கள் என்றும் தோழியர் சொன்னார்கள். ஓராண்டு கழித்து மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்காகத் தம் தாயுடன், இடுப்பில் குழந்தையோடு வந்தார். கணவர் வீட்டிலிருந்து வெளியேறிவிட்டதாகச் சொன்னார். நாள் தள்ளிப்போனதைச் சொன்ன அன்றே அடி தொடங்கிவிட்டதாம். “அன்னைக்கே எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா” என்றோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீங்க அப்படிக் கேட்டப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா. பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்கல்ல.”

குறை கூறும் தொனி அதில் சிறிதும் இல்லை. அதனாலேயே அச்சொற்கள் எங்களை விட்டு அகலவில்லை. (அவருடைய இசைவோடும், அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறோம்.)

*

கருவுற்ற பெண்ணைக் குறிக்கத் தமிழில் எத்தனை கனிவான சொற்கள்! சூலி, பிள்ளைத்தாய்ச்சி, வாயும் வயிறுமாக இருப்பவள், முழுகாமலிருப்பவள், ஈருயிர்க்காரி. அவளுக்கு வரும் குமட்டலுக்கும் மசக்கை என்றொரு தனிப்பெயர். வளையோசை கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேட்கும் என்று கைகொள்ளாமல் வளையல் அடுக்கி ஒரு விழா.

அவள் அடிபட்டதைச் சொல்வதற்கும் நம்மிடம் ஒரு சொற்றொகுதி உண்டு. வழுக்கி விழுந்துவிட்டாள், படி தடுக்கிவிட்டது, கதவு இடித்துவிட்டது, மயக்கம் வந்து சாய்ந்துவிட்டாள். ‘அடிபட்டது’ என்னும் வினையில் அடித்தவர் யாரென்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வினைமுதல் இல்லாத வாக்கியத்தை மாணவரின் விடைத்தாளில் சிவப்பு மையால் வட்டமிடும் நாங்கள், அந்தத் திங்கட்கிழமையன்று அப்படியொரு வாக்கியத்தை நாங்களே அமைத்து, அவரிடம் ஒப்புதல் மட்டும் வாங்கிக்கொண்டோம். இதை அறியாமை என்று கூறித் தப்பிக்கவும் வழியில்லை. அடிபட்ட முகத்துக்கும் விழுந்த முகத்துக்கும் உள்ள வேறுபாடு பெண்களுக்குத் தெரியாததன்று. தெரிந்துகொண்டுவிட்டால் ஏதேனும் செய்தாக வேண்டுமே என்னும் அச்சமே எங்கள் கேள்வியை அவ்வாறு வடித்தது.

இம்மாணவியின் கதை அரிதான ஒன்று எனக் கருதுவோருக்காகச் சில எண்கள். 2019–21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். தமிழ்நாட்டில் இது 38.1 விழுக்காடு. ஏதேனும் ஒரு கருக்காலத்தில் உடல்வன்முறைக்கு உள்ளானதாக நாடு முழுவதும் 3.1 விழுக்காட்டினர் கூறியுள்ளனர். வன்முறைக்கு ஆளானோரில் 77 விழுக்காட்டினர் உதவி நாடியதுமில்லை, எவரிடமும் சொன்னதுமில்லை. முன்பின் அறியாத ஆய்வாளரிடம் ஒருமுறை மட்டும் வாய்திறந்தவர்கள் தந்த எண்ணிக்கை இது என்பதை நினைவிற்கொண்டு 3.1 என்னும் எண்ணைப் படிக்க வேண்டும்.

*

“ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்.” மணமான சில மாதங்களிலேயே அழுதுகொண்டு தாய்வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு நம் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதித்தரும் மருந்துச்சீட்டு இது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்னும் பழமொழியின் நீட்சி. தீய எண்ணத்தோடு இதை எவரும் சொல்வதில்லை. ஆனால் இந்த மருந்து வேலை செய்வதில்லை என்பதையே கருக்கால வன்முறை காட்டுகிறது. பிள்ளை வந்தால் கணவன் திருந்துவான் என்று காத்திருந்தவள், பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே அடிவாங்குகிறாள். இப்போது தப்பி ஓடவும் இயலாத உடலோடு வாங்குகிறாள்.

குழந்தையின் வரவு வன்முறையைத் தணிப்பதற்கு மாறாக, அதற்குப் புதிய சாக்குகளைத் தருவதும் உண்டு. கரு தன்னுடையதுதானா என்ற ஐயம். உடலுறவுக்கு அவள் மறுத்தல். முன்போல வேலை செய்ய முடியாமை. முதற்பேற்றுச் செலவு, வளைகாப்புச் சீர் இவற்றில் தாய்வீட்டார் வைத்த குறை. பிறக்கப்போவது பெண்ணாக இருந்துவிடுமோ என்ற பேச்சு. சிலருக்குக் கருவே வன்முறையின் விளைவு. கணவனே வல்லுறவு கொண்டதால் உண்டான கருவையும், கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கத்தளவில், வன்புணர்ச்சியால் உண்டான கருவாகவே கருத வேண்டும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. தனிக்குற்றமாக அதைத் தண்டிக்கச் சட்டம் இன்னும் முன்வரவில்லை.

வயிற்றில் விழும் அடியால் நச்சுக்கொடி முன்னதாகவே பிரிந்து குருதிப்போக்கு ஏற்படலாம், கரு கலையலாம், குறைமாதத்தில், எடை குறைவாகக் குழந்தை பிறக்கலாம். கை ஓங்காமல், சொல்லாலும் பட்டினியாலும் வதைக்கப்படுபவளும் பரிசோதனைக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறாள், உண்ணாமல் உறங்காமல் மனச்சோர்வில் ஆழ்கிறாள். மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருபவை இவை.

நம் மரபில் இதற்கு ஒரு புகலிடம் இருந்தது என்று சிலர் கூறக்கூடும். வளைகாப்புக்குப் பின் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோமே என்பர். உண்மைதான், பல பெண்களுக்கு அந்தச் சில மாதங்களே மூச்சுவிடக் கிடைத்த காலம். ஆனால் அது ஏழாம் மாதத்திற்குப் பிறகே தொடங்குகிறது. பெரும்பாலும் தலைப்பிரசவத்தோடு முடிந்துவிடுகிறது. இரண்டாம் பிள்ளையைச் சுமப்பவளுக்கு எந்த வழக்கமும் வண்டி அனுப்புவதில்லை. பிறந்த குழந்தையோடு அவளைத் திரும்பவும் அதே வீட்டில் கொண்டுபோய் விடுவதும் மரபின் பகுதிதான்.

*

ஆகவே நாம் நம்ப வேண்டியது வேறொரு கதவை. தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிறுவனங்களிலேயே நிகழ்கின்றன என்று அதே ஆய்வு கூறுகிறது. கருவுற்றவுடன் பதிவு, கிராம சுகாதார செவிலியரின் வருகை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாந்தரப் பரிசோதனை, 18,000 ரூபாய் மதிப்புள்ள மகப்பேறு நிதியுதவி, அரசே முன்னின்று நடத்தும் சமுதாய வளைகாப்பு என்று ஒரு பெண்ணை அரசு இத்தனை முறை நேரில் காணும் காலம் அவள் வாழ்வில் வேறில்லை. வீட்டைவிட்டுத் தனியே கிளம்ப இசைவு கிடைக்காதவளும் பரிசோதனைக்கு மட்டும் வெளியே வருகிறாள்.

அங்கே அவளுக்கு எடை பார்க்கிறார்கள், இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை பார்க்கிறார்கள், எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களிடையே எச்.ஐ.வி. தொற்று நூற்றுக்கு ஒன்றைவிட மிகக் குறைவு. ஆயினும் எல்லோருக்கும் அச்சோதனை செய்கிறோம். குழந்தையைக் காக்க அதுவே முறை என்பதால் செய்கிறோம், அது மிகச் சரி. நூற்றுக்கு மூவரேனும் வாய்விட்டுச் சொல்லியிருக்கும் ஒரு துன்பத்தைப் பற்றிக் கேட்பதற்கு மட்டும் ஏன் தயங்குகிறோம்? “வீட்டில் உங்களை யாராவது அடிக்கிறார்களா? யாரையாவது நினைத்து அச்சமாக இருக்கிறதா?” இதற்குக் கருவி வேண்டாம், ஊசி வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பேறுகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளும், உதவுவதற்கான ஏற்பாடு இருக்குமிடங்களில் வன்முறை குறித்துக் கேட்பதை வலியுறுத்துகின்றன.

எப்படிக் கேட்பது என்பது முக்கியம். மாமியாரோ கணவரோ அருகிலிருக்கையில் கேட்பது, கேட்காமலிருப்பதைவிடத் தீது. சிறுநீர் மாதிரி தர உள்ளே செல்லும்போதும் வயிற்றைச் சோதிக்கத் திரைக்குப் பின் படுக்கும்போதும் அவள் சிறிது நேரம் தனியாக இருக்கிறாள், அந்நேரம் போதும். தாய் சேய் அட்டையில் இதற்கென ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று முதலில் நாங்களும் எண்ணினோம். பின்னரே பிழை புரிந்தது. அந்த அட்டை வீட்டுக்குப் போகிறது; வீட்டில் உள்ளவர்கள் அதைப் படிக்கிறார்கள். எனவே கேள்வி வாயால் கேட்கப்பட வேண்டும். பதில் மருத்துவமனைக்குள்ளேயே காக்கப்பட வேண்டும்.

“கேட்டுவிட்டு என்ன செய்வது?” என்று செவிலியர் எதிர்க்கேள்வி கேட்டால் அது நியாயமே. ஒரே காலைப்பொழுதில் அத்தனை பேரைப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள். இதற்கு விடைகண்ட முன்மாதிரிகள் உள்ளன. மும்பை பாந்திராவிலுள்ள மாநகராட்சி மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டு மாநகராட்சியும் சேஹத் என்னும் அமைப்பும் இணைந்து ‘திலாசா’ என்ற மையத்தைத் தொடங்கின. ஆறுதல் என்பது அப்பெயரின் பொருள். காயத்துக்கு மருந்திடும் இடத்திலேயே, காயம் எப்படி வந்தது என்று கேட்கவும், ஆற்றுப்படுத்தவும், சட்ட உதவிக்கு வழிகாட்டவும் பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள் என்பதே அதன் எளிய கோட்பாடு. கேரளத்து அரசு மருத்துவமனைகளில் ‘பூமிகா’ மையங்கள் உள்ளன.

தமிழ்நாட்டுக்கு இச்சிந்தனை அயலானதன்று. நம் மகப்பேறு நிதியுதவித் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியது. அவர் மருத்துவர், மருத்துவராக மட்டும் நின்றுவிடாதவர். போக்கிடமற்ற இளம்பெண்கள் தம் வீட்டுக் கதவைத் தட்டியபோது, மருந்து எழுதித்தந்து திருப்பி அனுப்பாமல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியவர். மருத்துவமும் புகலிடமும் வெவ்வேறல்ல என்று அறிந்திருந்தவரின் பெயரால் பணமும் ஊட்டச்சத்தும் தருகிறோம். அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியையும் அவற்றோடு சேர்த்துத் தர வேண்டாமா?

*

சட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் (2005), அடியை மட்டுமன்றிப் பாலியல், சொல், மனம், பொருள் சார்ந்த கொடுமைகளையும் வன்முறையென வரையறுக்கிறது. கணவன் வீட்டில் வாழும் உரிமையை அவளுக்கு உறுதி செய்கிறது; உதவி கேட்டு வருபவளுக்குச் சிகிச்சை தரும் கடமையை மருத்துவ நிறுவனங்களுக்கும் விதிக்கிறது. 1983 முதல் 498-ஏ என்று அறியப்பட்ட கொடுமைக்கான பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 ஆகிய பிரிவுகளாக உள்ளது. பெண்ணின் இசைவின்றி வேண்டுமென்றே அவள் கருவைக் கலையச் செய்வது 89-ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை விதிக்கத்தக்க குற்றம். மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உண்டு. ஒருங்கிணைந்த சேவை மையங்கள் உண்டு. 181 என்னும் உதவி எண் உண்டு. இத்தனையும் இருந்தும், இவற்றுக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையே ஒரு கேள்வியின் தூரம் அப்படியே கிடக்கிறது.

குடும்பத்தைப் பிரிக்கும் வேலை இது என்பார்கள். குடும்பத்தைப் பிரிப்பது ஓங்கிய கைதானே ஒழிய, அதைப் பற்றிய கேள்வியன்று. மேலும், கேட்பது என்பது உடனே காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்வதன்று. சொல்பவளை நம்புவது, பழிக்காதிருப்பது, இன்றிரவு அவளும் குழந்தையும் பாதுகாப்பாக இருப்பார்களா என்று பார்ப்பது, முடிவை அவளிடமே விடுவது என்னும் இவ்வளவையுமே கேட்பவர் செய்ய வேண்டும். முதல்முறை “ஒன்றுமில்லை” என்றுதான் வரும். அடுத்த மாதமும் கேட்க வேண்டும். கேட்கத்தக்கவர் ஒருவர் இங்கே இருக்கிறார் என்று அவள் அறிந்துகொள்வதே முதல் பயன்.

இதைப் படிப்பவர்களில் செவிலியரும் மருத்துவரும் சிலரே இருக்கக்கூடும். ஆசிரியர்கள், அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரர்கள், எதிர்வீட்டார், அத்தை, சித்தி, நாத்தனார் என்ற நிலைகளில் நாம் அனைவரும் இருக்கிறோம். எங்கள் துறையில் நாங்கள் மூவரும் ஒரு முடிவுக்கு வந்துள்ளோம். இனி அப்படியொரு முகத்தைக் கண்டால், கதவைச் சாத்திவிட்டு, “உனக்கு என்ன நடந்ததும்மா?” என்று மட்டும் கேட்போம். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம்.

இவ்வாண்டும் மாணவர்களைச் சுமைதாங்கிக் கல்லுக்கு அழைத்துச் செல்வோம். நம்பிக்கையை விளக்கிய பின், ஈர நெஞ்சு பற்றிய அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல், அந்த மாணவிக்கு நாங்கள் கேட்ட கேள்வியையும் அவர் தந்த பதிலையும் சொல்வதாக இருக்கிறோம்.